ஸ்பானிய வினைச்சொல்லை அசை பிரித்து அழுத்தம் வைப்பது: முழு வழிகாட்டி

ஸ்பானிய மொழியில் டில்டே என்று ஒரு சாய்கோடு உண்டு, உயிரெழுத்தின் தலையில் போடுவது. அதை எங்கே போடுவது, எங்கே விடுவது என்று புதிதாகப் படிக்கிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி திணறுகிறார்கள். காரணமும் ஒன்றுதான்: ஒவ்வொரு சொல்லையும் கோட்டோடு சேர்த்து மனப்பாடம் செய்யப் பார்க்கிறார்கள். பெயர்ச்சொல்லுக்கு அது ஓரளவு சரிப்படும். வினைச்சொல்லுக்குச் சரிப்படவே படாது, ஏனென்றால் ஒரு வினைக்கே ஐம்பதுக்கு மேல் வடிவங்கள் இருக்கின்றன, ஒரே எழுத்துகள் அழுத்தம் மாறினால் வேறு ஆளாகவும் வேறு காலமாகவும் ஆகிவிடும். முதல் அசையை அழுத்தி 'அப்லொ' என்றால் நான் பேசுகிறேன். கடைசி அசையை அழுத்தினால் அவர் பேசினார்.

கோட்டைக் கடைசியில் யோசியுங்கள். முதலில் அசை பிரிக்க வேண்டும், அடுத்து சொல்லின் கடைசி எழுத்தைப் பார்க்க வேண்டும், அப்புறம் உண்மையில் அழுத்தம் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். இந்த மூன்றும் முடிந்தால் கோடு வேண்டுமா வேண்டாமா என்பது தானாகத் தெரிந்துவிடும். வரிசையை மாற்றினால் ஊகம்தான் மிஞ்சும்.

0. தொடங்கும் முன் வேண்டியவை

ஒரு நோட்டு, ஒரு பென்சில், நீங்கள் படிக்கிற வினையின் முழு வாய்பாடு. வினை வடிவங்கள் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. எந்த வடிவம் எந்தக் காலம், யாரைக் குறிக்கிறது என்பது மட்டும் பக்கத்தில் இருக்க வேண்டும், ஐந்தாம் படியில் அது இல்லாமல் நகர முடியாது.

இந்தக் கட்டுரையில் ஸ்பானியச் சொற்களை இப்படி எழுதுகிறேன்: அசைக்கும் அசைக்கும் நடுவே சிறு கோடு, அழுத்தம் விழும் அசை சதுர அடைப்புக்குள், எழுத்தில் டில்டே உண்மையாகவே இருந்தால் அந்த அசையின் முடிவில் ´ குறி. ஆக 'நான் பேசுகிறேன்' [அ]-ப்லொ, 'அவர் பேசினார்' அ-[ப்லொ´]. உயிர்களை எல்லாம் குறிலாகவே எழுதியிருக்கிறேன், அது வேண்டுமென்றே செய்தது. ஸ்பானியத்தில் நம்முடையதைப் போலக் குறில் நெடில் வேறுபாடு கிடையாது, அழுத்தம் வேறு நீட்டம் வேறு. உருட்டிச் சொல்லும் வல்லின 'ர' ஒலிக்கு ற போட்டிருக்கிறேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அசை என்றதும் பள்ளிக்கூடத்தில் படித்த நேரசை நிரையசை நினைவுக்கு வரும். அதை இங்கே கொண்டுவராதீர்கள். 'கொமிதொ' (சாப்பிட்ட) என்பதை யாப்புப்படி பிரித்தால் கொமி, தொ என்று நிரையும் நேருமாக இரண்டு. ஸ்பானியத்தில் கொ-[மி]-தொ, மூன்று. உயிர் எத்தனையோ அசை அத்தனை என்பதுதான் இங்கே அடிப்படை. உயிர்கள் ஒட்டிக்கொள்ளும் இடத்தில் மட்டும் அது மாறும், அதை இரண்டாம் படியில் பார்க்கலாம்.

1. ஒலிக்காத எழுத்துகளை முதலில் கழியுங்கள்

எழுத்தைப் பார்த்து எண்ணினால் கணக்கு தப்பும், ஒலியைத்தான் எண்ண வேண்டும். ஹெச் ஒருபோதும் ஒலிக்காது, அதனால் அது ஒரு மெய்யாகக் கணக்கில் வராது. க்யூவுக்குப் பின்னால் வரும் உ ஒலிக்காது. ஜி எழுத்துக்கும் எ அல்லது இ-க்கும் நடுவே நிற்கும் உ-வும் ஒலிக்காது. 'தேடினேன்' புஸ்-[கெ´], 'பணம் கொடுத்தேன்' ப-[கெ´], இரண்டுமே இரண்டிரண்டு அசை. எழுத்தில் உ கண்ணில் படுவதால் ப-கு-எ என்று மூன்றாகப் பிரிப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கிற முதல் பிழை.

அந்த உ-வின் தலையில் இரண்டு புள்ளி இருந்தால் மட்டும் அது ஒலிக்கும். 'விசாரித்து அறிந்தேன்' அ-பெ-ரி-[க்வெ´]. புள்ளிகள் இருப்பதே அதற்காகத்தான்.

சி ஹெச், இரட்டை எல், இரட்டை ஆர் ஆகியவை இரண்டு எழுத்தில் எழுதப்படும் ஒற்றை ஒலிகள், நடுவில் வெட்டக் கூடாது. எஸ்-கு-[சர்] (கேட்க), ய-[மர்] (அழைக்க), கொ-[றெர்] (ஓட).

2. உயிர்களைச் சேருங்கள் அல்லது பிரியுங்கள்

இந்தப் படியில் நேரம் செலவழியுங்கள். மற்ற படிகளில் நடக்கும் பிழைகளில் பெரும்பாலானவை இங்கே விதைத்தவைதான்.

உயிர்கள் ஐந்து. அ, எ, ஒ மூன்றும் வல்லுயிர். இ, உ இரண்டும் மெல்லுயிர். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு உயிர் வந்தால் நான்கு வகைதான் நடக்கும்.

வல்லுயிரும் வல்லுயிரும் வந்தால் எப்போதும் பிரியும். லெ-[எர்] (படிக்க), த்ர-[எர்] (கொண்டுவர), [க]-எ (விழுகிறது).

மெல்லுயிரும் வல்லுயிரும் வந்து, அழுத்தம் மெல்லுயிர் மேல் இல்லையென்றால் இரண்டும் ஒரே அசை. [ப்வெ]-தொ (என்னால் முடியும்), [ப்யென்]-ஸொ (நினைக்கிறேன்), [பய்]-லொ (ஆடுகிறேன்), கொ-[ம்யொ´] (சாப்பிட்டார்).

அழுத்தம் மெல்லுயிர் மேலேயே விழுந்தால் அது வலுப்பெற்றுத் தனி அசையாகிவிடும், அதைக் காட்ட டில்டே கட்டாயம். கொ-[மி´]-அ (சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்), லெ-[இ´] (படித்தேன்), ஒ-[இர்´] (கேட்க).

இரண்டு மெல்லுயிர் சேர்ந்தால், எழுத்துக் கணக்கில் எப்போதும் ஒரே அசை. கொன்ஸ்-[த்ர்வி]-தொ (கட்டிய) என்பதில் டில்டே இல்லை, லெ-[இ´]-தொ (படித்த) என்பதில் உண்டு. இரண்டும் ஒரே மாதிரி முடிகின்றனவே, ஏன் ஒன்றுக்கு மட்டும் என்று கேட்கிறவர்களுக்குப் பதில் இதுதான்: முதலாவதில் இருப்பது உ-வும் இ-யும், இரண்டாவதில் எ-யும் இ-யும்.

கொ-[ம்யொ´] இரண்டு அசை, கொ-[மி´]-அ மூன்று அசை. இந்த இரண்டையும் அடுத்தடுத்து எழுதி, மேசையில் விரலால் தட்டிச் சொல்லிப் பாருங்கள். முதலாவதில் இ வழுக்கிப் போகும், இரண்டாவதில் நின்று ஒலிக்கும். முதலாவதை கொ-மி-ஒ என்று மூன்று தட்டில் சொல்கிறவர்கள் டில்டேயை இ-யின் தலையில் போட்டுவிடுகிறார்கள். அசைப் பிழை எழுத்துப் பிழையாக மாறுகிற இடம் அது.

நடுவில் ஹெச் இருந்தாலும் விதி மாறாது, அது ஒலிக்காத எழுத்துதானே. 'தடைசெய்ய' என்பது ப்ரொய்-[பிர்], இரண்டே அசை. 'தடைசெய்கிறேன்' என்னும்போது அழுத்தம் இ மேல் வருகிறது, அதனால் ப்ரொ-[இ´]-பொ. 'ஒன்றுகூட்ட' றெவ்-[னிர்], 'ஒன்றுகூட்டுகிறேன்' றெ-[உ´]-னொ. ஒரே வினைக்குள்ளேயே உயிர்கள் சேர்ந்தும் பிரிந்தும் வரும், அழுத்தம் நகர்வதால்.

ஒரு கேள்வி எழும்: அசை பிரித்தால்தான் அழுத்தம் தெரியும் என்றோம், இங்கே அழுத்தம் தெரிந்தால்தான் அசை பிரிக்க முடியும் போல இருக்கிறதே? அச்சில் இருப்பதைப் படிக்கும்போது சிக்கல் இல்லை, மெல்லுயிர் மேல் டில்டே இருந்தால் பிரியுங்கள், இல்லாவிட்டால் சேருங்கள். நீங்களே எழுதும்போது ஐந்தாம் படியில் வரும் காலக் கணக்கு கைகொடுக்கும்.

3. மெய்களைப் பங்கிடுங்கள்

இரண்டு உயிருக்கு நடுவே ஒரு மெய் இருந்தால் அது பின்னால் வரும் உயிரோடு போகும். இரண்டு மெய் இருந்தால் ஆளுக்கு ஒன்று: கன்-[தர்] (பாட), பெர்-[தெர்] (இழக்க).

பிரியாத ஜோடிகள் உண்டு. ப், க், ஃப் போன்ற ஒலிகளுக்குப் பின்னால் ர் அல்லது ல் வந்தாலும், த்-க்குப் பின்னால் ர் வந்தாலும் ஜோடி அப்படியே அடுத்த அசைக்குப் போகும். அ-[ப்ரிர்] (திறக்க), எஸ்-க்ரி-[பிர்] (எழுத), என்-[த்ரர்] (நுழைய), கும்-[ப்லிர்] (நிறைவேற்ற). மூன்று மெய் வந்தாலும் இதே ஜோடியைத் தேடிப் பின்னால் தள்ளிவிட்டு மிச்சத்தை முன்னால் விடுங்கள்: கொம்-[ப்ரர்] (வாங்க), கொன்ஸ்-[த்ர்விர்] (கட்ட).

நமக்கு இங்கே ஒரு பழக்கம் குறுக்கே வரும். தமிழில் புள்ளி வைத்த மெய் முன்னெழுத்தோடுதான் ஒட்டும், அதனால் 'அப்லொ' என்று பார்த்த உடனே வாய் அப்-லொ என்று பிரிக்கும். பிரிக்கக் கூடாது, [அ]-ப்லொ தான். அசை எண்ணிக்கை இதனால் மாறாது, டில்டேயும் தப்பாது. ஆனால் வரிக் கடைசியில் சொல்லை உடைத்து எழுதும்போது தப்பாகும், உச்சரிப்பும் கனத்துப் போகும்.

ஒரு விதிவிலக்கு மட்டும்: 'அடிக்கோடிட' என்ற வினையில் ப்-உம் ர-வும் சேராது, ஸுப்-ற-[யர்] என்று பிரியும், ஏனென்றால் முதல் பகுதி ஒரு முன்னொட்டு.

4. கடைசி எழுத்தைப் பாருங்கள்

இயல்பு அழுத்தம் என்று ஒன்று உண்டு. கோடே இல்லாத சொல்லை ஒரு ஸ்பானியர் எப்படிப் படிப்பாரோ அது.

சொல் உயிரிலோ, ன்-இலோ, ஸ்-இலோ முடிந்தால் கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம். வேறு மெய்யில் முடிந்தால் கடைசி அசையில்.

ஏன் ன்-உம் ஸ்-உம் மட்டும் தனிச் சலுகை பெறுகின்றன என்று யாரும் சொல்லித் தருவதில்லை, வினைச்சொல்லைப் பார்த்தால் காரணம் பளிச்சென்று தெரியும். [அ]-ப்ல (பேசுகிறார்), [அ]-ப்லஸ் (பேசுகிறாய்), [அ]-ப்லன் (பேசுகிறார்கள்). 'நீ' வடிவத்துக்கு ஸ் ஒட்டுகிறது, 'அவர்கள்' வடிவத்துக்கு ன் ஒட்டுகிறது, அழுத்தம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இந்த இரண்டு எழுத்துக்கும் சலுகை இல்லாவிட்டால் வாய்பாடு முழுக்கக் கோடு போட வேண்டியிருக்கும். மூல வடிவங்கள் ('பேச', 'சாப்பிட' என்பவை) எல்லாம் ர்-இல் முடிகின்றன, அழுத்தமும் கடைசியில், அதனால் அவற்றுக்கும் கோடு வேண்டாம். ஒ-[இர்´] போன்ற சில மட்டும் விலக்கு, அதை ஆறாம் படியில் பார்க்கலாம்.

கடைசியில் ஒய் எழுத்து வந்தால் அதை மெய்யாகக் கணக்கில் எடுங்கள். எஸ்-[தொய்] (இருக்கிறேன்) என்பதில் அழுத்தம் கடைசியில், ஆனால் கோடு இல்லை.

5. உண்மை அழுத்தத்தைக் காலத்திலிருந்து எடுங்கள்

பெயர்ச்சொல்லில் அழுத்தம் எங்கே என்று காதால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வினைச்சொல்லில் காலமே சொல்லிவிடும். காலம் ஒன்றுக்கு ஒரு இடம் என்று பிடித்துக்கொண்டால் போதும்.

நிகழ்காலத்தில் நான், நீ, அவர், அவர்கள் நான்குக்கும் கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம் (மேலே பார்த்த எஸ்-[தொய்] வினை இதற்கு விலக்கு). நாங்கள் வடிவத்திலும் கடைசிக்கு முந்தையதுதான், ஆனால் அது விகுதிக்குள் போய்விடும்: அ-[ப்ல]-மொஸ். ஸ்பெயினில் நண்பர்களை அழைக்கும் 'நீங்கள்' வடிவத்தில் கடைசி அசை: அ-[ப்லய்ஸ்´], கொ-[மெய்ஸ்´], பி-[பிஸ்´]. ஸ்-இல் முடிந்தும் கடைசியில் அழுத்தம் என்பதால் கோடு.

ஆங்கிலம் தெரிந்தவர்கள் இங்கே ஒரு குழியில் விழுகிறார்கள். ஆங்கிலச் சொல்லை ஒத்த வினைகளில் ஆங்கில அழுத்தத்தைக் கொண்டுவந்து, 'பயிற்சி செய்கிறேன்' என்பதில் முதல் அசையை அழுத்துகிறார்கள். ப்ரக்-[தி]-கொ என்பதே சரி. ஸிக்-னி-[ஃபி]-க (பொருள்படும்), கொ-மு-[னி]-கொ (தெரிவிக்கிறேன்), நெ-ஸெ-[ஸி]-தொ (எனக்குத் தேவை) எல்லாம் அப்படியே.

வேர் உயிர் மாறும் வினைகளும் அழுத்தத்தால்தான் மாறுகின்றன. [ப்வெ]-தொ என்று வேரில் அழுத்தம் இருக்கும்போது ஒ வெடித்து வெ ஆகிறது, பொ-[தெ]-மொஸ் என்று அழுத்தம் நகர்ந்ததும் பழையபடி ஒ. அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் 'நீ' வடிவம் வேறு, அழுத்தம் கடைசியில்: 'உன்னால் முடியும்' மற்ற பல இடங்களில் [ப்வெ]-தெஸ், அங்கே பொ-[தெஸ்´]. 'உன்னிடம் இருக்கிறது' மற்ற பல இடங்களில் [த்யெ]-நெஸ், அங்கே தெ-[நெஸ்´]. அழுத்தம் வேரை விட்டு நகர்ந்ததால் உயிர் மாறவில்லை, கடைசிக்குப் போனதால் கோடு வந்தது.

முடிந்த இறந்தகாலத்தில் நான் வடிவமும் அவர் வடிவமும் கடைசி அசையில்: அ-[ப்லெ´], அ-[ப்லொ´], கொ-[மி´], கொ-[ம்யொ´]. மற்ற நான்கும் கடைசிக்கு முந்தையதில், கோடில்லாமல்: அ-[ப்லஸ்]-தெ, அ-[ப்ல]-மொஸ், அ-[ப்லஸ்]-தெய்ஸ், அ-[ப்ல]-ரொன். ஒழுங்கற்ற வினைகள் சில இங்கே வேரிலேயே அழுத்தம் வாங்கும்: [து]-பொ (அவரிடம் இருந்தது), [இ]-ஸொ (செய்தார்), [தி]-ஹொ (சொன்னார்), [பி]-நொ (வந்தார்). இவற்றுக்குக் கோடு கிடையாது. 'இறந்தகால அவர் வடிவத்துக்குக் கோடு' என்று குருட்டுப் பாடமாக வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் மாட்டுவார்கள்.

தொடர் இறந்தகாலத்தில் எல்லா வடிவத்துக்கும் ஒரே உயிரின் மேல் அழுத்தம். அ-[ப்ல]-ப (பேசிக்கொண்டிருந்தேன்) என்று தொடங்கி, நாங்கள் வடிவத்தில் மட்டும் ஒரு அசை கூடுவதால் அ-[ப்ல´]-ப-மொஸ் ஆகி கோடு வருகிறது. நீங்கள் வடிவம் அ-[ப்ல]-பய்ஸ், உயிர்கள் ஒட்டிக்கொள்வதால் அசை கூடவில்லை, கோடும் இல்லை. 'சாப்பிட' வகை வினைகளில் கொ-[மி´]-அ என்று ஆறு வடிவத்திலும் கோடு.

எதிர்காலத்தில் நாங்கள் வடிவம் தவிர எல்லாம் கடைசி அசை: அ-ப்ல-[ரெ´], அ-ப்ல-[ரஸ்´], அ-ப்ல-[ர´], அ-ப்ல-[ரெ]-மொஸ், அ-ப்ல-[ரெய்ஸ்´], அ-ப்ல-[ரன்´]. நிபந்தனை வடிவம் ஆறுக்கும் இ மேல் கோடு: அ-ப்ல-[ரி´]-அ.

சப்ஜங்டிவ் (விருப்பம், ஐயம் போன்றவற்றைச் சொல்லும்) வடிவங்களைக் கவனமாகப் பாருங்கள், ஏனென்றால் அங்கே எழுத்து ஒன்றாகவே இருந்து கோடு மட்டும் பொருளை மாற்றும். [அ]-ப்லெ என்றால் 'பேசட்டும்' அல்லது மரியாதையாக 'பேசுங்கள்', அ-[ப்லெ´] என்றால் 'பேசினேன்'. அ-[ப்ல]-ர என்றால் 'பேசியிருந்தால்' போன்ற இடத்தில் வருவது, அ-ப்ல-[ர´] என்றால் 'பேசுவார்'. அங்கேயும் நாங்கள் வடிவம் அசை கூடிக் கோடு வாங்கும்: அ-[ப்ல´]-ர-மொஸ்.

6. ஒப்பிட்டுக் கோடு போடுங்கள்

நான்காம் படியில் கிடைத்த இடமும் ஐந்தாம் படியில் கிடைத்த இடமும் ஒன்றாக இருந்தால் கோடு வேண்டாம். வேறாக இருந்தால் உண்மை அழுத்தத்தின் மேல் கோடு. கடைசியிலிருந்து மூன்றாம் அசையில் அழுத்தம் வந்தால் இயல்பு இடம் ஒருபோதும் அங்கே இருக்காது, ஆகவே எப்போதும் கோடு.

இதற்கு மேல் ஒரே ஒரு விதி: அழுத்தம் பெற்ற மெல்லுயிர் வல்லுயிரை ஒட்டி நின்றால், ஒப்பீடு என்ன சொன்னாலும் கோடு. ஒ-[இர்´] ர்-இல் முடிகிறது, அழுத்தமும் கடைசியில், இயல்புப்படி கோடு வேண்டாம். ஆனால் கோடு இல்லாவிட்டால் ஒய்ர் என்று ஓரசையாகப் படித்துவிடுவார்கள், அதனால் போட்டே ஆக வேண்டும்.

'வெளியிட' என்ற வினையை வைத்து ஒரு முறை ஓட்டிப் பார்க்கலாம். உயிர்கள் உ, இ, ஒ, எதுவும் ஒட்டவில்லை, மூன்று அசை. ப்-உம் ல்-உம் பிரியாத ஜோடி: பு-ப்லி-கொ. கடைசியில் உயிர், ஆக இயல்பு அழுத்தம் ப்லி மேல். நிகழ்காலம் 'வெளியிடுகிறேன்' என்றால் உண்மை அழுத்தமும் அங்கேதான், பு-[ப்லி]-கொ, கோடில்லை. 'வெளியிட்டார்' என்றால் அழுத்தம் கடைசியில், பு-ப்லி-[கொ´]. இதே எழுத்துகளில் 'பொதுமக்கள்' என்ற பெயர்ச்சொல்லும் உண்டு, அது [பு´]-ப்லி-கொ.

7. ஓரசை வடிவங்கள்

ஓரசைச் சொல்லுக்குக் கோடு இல்லை. எங்கே அழுத்துவது என்ற கேள்வியே அங்கே எழாது. [ஃப்வி] (போனேன்), [ஃப்வெ] (போனார்), [த்யொ] (கொடுத்தார்), [ப்யொ] (பார்த்தார்) எதற்கும் கோடு கிடையாது. பழைய புத்தகங்களில் இவற்றுக்குக் கோடு பார்த்திருப்பீர்கள். ஸ்பானிய அரச அகாதெமி 1952-இல் அறிவித்த திருத்தங்கள் 1959 முதல் கட்டாயமாயின, அதிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

'சிரிக்க' என்ற வினையை நெருங்கிப் பாருங்கள். 'சிரிக்கிறேன்' [றி´]-ஒ, இரண்டு அசை, இ மேல் கோடு. 'சிரித்தார்' [ற்யொ], எழுத்துக் கணக்கில் ஓரசை, கோடில்லை. சில வட்டாரங்களில் இரண்டாவதையும் இரண்டு அசையாகவே சொல்கிறார்கள், அதனால் கோடு போடும் பழக்கம் நெடுநாள் இருந்தது. 1999-இல் அகாதெமி அதை விருப்பத்துக்கு விட்டது, 2010-இல் வெளியிட்ட எழுத்திலக்கணத்தில் கோடு வேண்டாம் என்று முடித்துவிட்டது. 'ஓடிப்போனேன்' [வி] என்பதும் அப்படித்தான், கோடில்லை. ஆனால் அதே மாதிரி முடியும் 'கட்டினேன்' கொன்ஸ்-[த்ர்வி´] இரண்டு அசை, உயிரில் முடிகிறது, கடைசியில் அழுத்தம், ஆகவே கோடு உண்டு.

ஓரசையில் கோடு பெறும் இரண்டு வடிவம் மட்டும் நினைவில் வையுங்கள்: 'எனக்குத் தெரியும்' [ஸெ´], 'கொடுக்கட்டும்' [தெ´]. அதே எழுத்தில் வேறு சிறு சொற்கள் இருப்பதால் குழப்பம் தவிர்க்கப் போட்டது.

8. இ-அர், உ-அர் என முடியும் வினைகள்

காலக் கணக்கு முழுதாகக் கைகொடுக்காத ஒரே மூலை இது. 'மாற்றுகிறேன்' [கம்]-ப்யொ, 'அனுப்புகிறேன்' என்-[பி´]-ஒ. இரண்டின் மூல வடிவமும் ஒரே மாதிரி முடிந்தாலும் ஒன்று இ-யை ஒட்டவைக்கிறது, ஒன்று பிரிக்கிறது. பாடம் படிக்க, சுத்தம் செய்ய, நகலெடுக்க என்பவை முதல் வகை. நம்ப, வழிகாட்ட என்பவை இரண்டாம் வகை. இந்த வினைகளை மட்டும் 'நான்' வடிவத்தோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள், வேறு வழியில்லை.

உ-அர் வினைகளில் ஒரு பிடி இருக்கிறது. முன்னால் க ஒலி (சி அல்லது ஜி எழுத்து) இல்லாவிட்டால் உ பிரியும்: கொன்-தி-[னு´]-ஒ (தொடர்கிறேன்), அக்-[து´]-ஒ (நடிக்கிறேன்). ஜி எழுத்து இருந்தால் ஒட்டும்: அ-பெ-[ரி]-க்வொ (விசாரிக்கிறேன்). சி எழுத்து வரும் சில வினைகளில் இரண்டும் ஏற்கப்பட்டவை.

9. பின்னால் ஒட்டும் சுட்டுச் சொற்கள்

'என்னிடம்', 'அதை', 'உனக்கு' போன்ற சிறு சொற்கள் கட்டளை வடிவம், மூல வடிவம், 'பேசிக்கொண்டு' வகை வடிவம் ஆகிய மூன்றுக்கும் பின்னால் ஒட்டி ஒரே சொல்லாக எழுதப்படும். வினையின் அழுத்தம் நகராது, பின்னால் அசை மட்டும் கூடும். அதனால் ஒட்டிய பிறகு ஆறாம் படியைப் புதிதாகப் போட வேண்டும். பலர் வினையில் இருந்த கோட்டை அப்படியே வைத்தோ விட்டோ எழுதிவிடுகிறார்கள்.

[அ]-ப்ல (பேசு) கோடில்லை, [அ´]-ப்ல-மெ (என்னிடம் பேசு) கோடு. [தி] (சொல்), [தி]-மெ (எனக்குச் சொல்), இரண்டுக்கும் வேண்டாம். தெ-[ஸிர்]-தெ (உனக்குச் சொல்ல) வேண்டாம், இன்னொன்று ஒட்டி தெ-[ஸிர்´]-தெ-லொ (அதை உனக்குச் சொல்ல) ஆனால் வேண்டும். தி-[ஸ்யென்]-தொ (சொல்லிக்கொண்டு), தி-[ஸ்யென்´]-தொ-லெ (அவருக்குச் சொல்லிக்கொண்டு).

திரும்பும் திசையும் உண்டு. அர்ஜென்டினாவில் 'சொல்' தெ-[ஸி´], கோடோடு. 'எனக்குச் சொல்' தெ-[ஸி]-மெ, கோடு போய்விடும், ஏனென்றால் அழுத்தம் இப்போது இயல்பு இடத்தில் இருக்கிறது. 'எனக்குக் கொடுங்கள்' [தெ]-மெ என்பதிலும் கோடு இல்லை. 1999-க்கு முன் வினையின் கோட்டை வைத்துக்கொண்டார்கள், இப்போது பொது விதிதான். ஒ-[இர்´]-லொ (அதைக் கேட்க) மட்டும் கோட்டை விடாது, அது மெல்லுயிர் விதியால் வந்த கோடு.

10. தமிழ் நாக்குக்கு வரும் பிழைகள்

உயிரும் உயிரும் சந்தித்தால் நடுவே ய் அல்லது வ் வைப்பது நமக்கு ரத்தத்தில் ஊறியது. லெ-[இ´] என்பதை லெயி என்கிறோம். அசை எண்ணிக்கை தப்பாது, ஆனால் 'படித்தார்' லெ-[யொ´] என்பதில் உண்மையாகவே ஒய் எழுத்து இருக்கிறது, எழுதும்போது எதில் இருக்கிறது எதில் இல்லை என்று காது குழம்பிவிடும். உடம்படுமெய் இல்லாமல் இரண்டு உயிரையும் மூச்சு விடாமல் தொடர்ந்து சொல்லிப் பழகுங்கள்.

சொல் மெய்யில் முடிந்தால் ஒரு குட்டி உகரம் சேர்ப்பது அடுத்தது. கொ-[மெர்] என்பதை கொமெரு என்றால் மூன்றாவது அசை முளைத்துவிடும், அப்புறம் அழுத்தமும் கடைசிக்கு முந்தையதாகிவிடும். கணக்கு முழுக்கப் போய்விடும்.

மூன்றாவது, அழுத்துவதாக நினைத்து நீட்டுவது. கேட்கிறவருக்கு இழுத்துப் பேசுகிற மாதிரி இருக்குமே தவிர புரியாமல் போகாது, ஆனால் சொல்லில் உள்ள எல்லா உயிரையும் நீட்டினால் எது அழுத்தம் என்பதே தெரியாது. ஓர் அசையைச் சற்றே உரக்கவும் உயர்த்தியும் சொல்லி, மற்றவற்றைச் சமமாக விடுங்கள்.

11. செய்து பாருங்கள்

கீழே உள்ளவற்றை ஸ்பானியத்தில் எழுதி, கோடு போடாமல் வைத்துக்கொண்டு, ஆறு படிகளையும் வரிசையாக நடத்துங்கள்.

'தொடர' வினையின் தொடர் இறந்தகால நீங்கள் வடிவம். 'கொண்டுவர' வினையின் நிபந்தனை நாங்கள் வடிவம். 'ஒன்றுகூட்ட' வினையின் நிகழ்கால நீ வடிவம். 'பின்தொடர' வினையின் முடிந்த இறந்தகால அவர் வடிவம். 'ஓடிப்போக' வினையின் முடிந்த இறந்தகால அவர்கள் வடிவம். 'ஒப்படைத்துக்கொண்டு' என்பதோடு 'அவருக்கு', 'அதை' இரண்டும் ஒட்டியது.

விடைகள்: கொன்-தி-[ன்வ]-பய்ஸ், கோடில்லை, இரண்டு இடத்தில் உயிர்கள் ஒட்டியதைப் பார்க்காதவர்கள் இதில் ஆறு அசை எண்ணுவார்கள். த்ர-எ-[ரி´]-அ-மொஸ். றெ-[உ´]-னெஸ். ஸி-[க்யொ´], இரண்டே அசை, எழுத்தில் உ இருந்தாலும் ஒலிக்காது. உ-[யெ]-ரொன், கோடில்லை, நடுவில் இருப்பது ஒய், அது இங்கே மெய். என்-த்ரெ-[கன்´]-தொ-ஸெ-லொ, அழுத்தம் கடைசியிலிருந்து நான்காவது அசையில், வினையோடு சிறு சொற்கள் ஒட்டும்போது இவ்வளவு முன்னால் கூட வரும்.